தாரகன் பேசிய தமிழ்

"கட்" என்று சொல்லும்போதே கிர்ஸ்டனின் குரல் உடைந்துவிட்டது. அவள்தான் படத்தின் இயக்குநர். மூக்கை உறிஞ்சிக்கொண்டே டெலிபோன் கூண்டுக்குள் வந்து தாரகனைக் கட்டிப்பிடித்தாள். "அற்புதம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "ஒரு சொல்கூட எனக்கு விளங்கவில்லை. ஆனால் எல்லாம் விளங்கியது."

அவளுக்குப் பின்னால், அகதிகளாக நடிக்க வந்த தமிழர்கள் சுவரோரமாக நின்றார்கள். டென்மார்க்கின் சிறு நகரங்களான ஹேர்னிங்கிலிருந்தும் ஸ்கீவவிலிருந்தும் வந்தவர்கள். எண்பதுகளின் தடித்த கோட்டும் கம்பளித் தொப்பியும் மாட்டியிருந்தார்கள். அவர்களில் ஒருவரும் அழவில்லை. ஒருவர் சுவரில் ஒட்டியிருந்த பழைய அறிவித்தல் ஒன்றை ஊன்றி வாசித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் தங்கள் சப்பாத்துகளைப் பார்த்தார்கள்.

தாரகன் அதைக் கண்டான்.

அவன் லண்டனில் பிறந்தவன். தாய் பரமேஸ்வரி வீட்டில் தமிழில் கேட்பாள்; அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். அவள் சொல்வது எல்லாம் விளங்கும். ஆனால் வாயைத் திறந்தால் தமிழ் அவனுடைய நாக்கில் வழுக்கிக்கொண்டு போய்விடும். நடிப்புப் பள்ளி முடித்து மூன்று வருடங்களில் அவன் திரையில் தோன்றியது மிகக் கொஞ்சம். ஒரு துப்பறியும் தொடரில் பிணமாகக் கிடந்தான். இன்னொன்றில் கடைக்காரனின் மகனாக வந்து கொள்ளைக்காரனிடம் அடி வாங்கினான். ஒரு மருத்துவமனைத் தொடரில் பெரிய டாக்டருக்குப் பின்னால் நின்று, "இரத்த அழுத்தம் இறங்குகிறது" என்றான். அவனுடைய ஏஜன்ட் பிலிப்பா ஒரே ஒரு புத்திமதிதான் சொல்லியிருந்தாள். எதைக் கேட்டாலும் தெரியும் என்று சொல். குதிரை ஓட்டத் தெரியுமா? தெரியும். வாள் சண்டை? தெரியும்.

கிர்ஸ்டன் தமிழ் தெரியுமா என்று கேட்டபோதும் அவன் அப்படித்தான் சொன்னான். "என் தாய்மொழி."

அது பொய் என்று அவனுக்கு அப்போது தோன்றவில்லை. தாயின் மொழிதானே.

படத்தின் பாதிக் காசு பிரிட்டனிலிருந்து வந்ததால் கதாநாயகனும் அங்கிருந்து வரவேண்டியிருந்தது. எண்பத்தாறாம் ஆண்டில் டென்மார்க்குக்கு அகதியாக வந்த ஒரு யாழ்ப்பாணத்து இளைஞனின் கதை. ஸ்கீவவுக்கு வெளியே கைவிடப்பட்டிருந்த ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தை அகதி முகாமாக மாற்றியிருந்தார்கள். அன்று எடுத்ததுதான் படத்தின் உயிரான காட்சி. கூட வந்த தம்பி வழியிலேயே இறந்துவிட்டான். தமையன் ஊருக்கு டெலிபோன் எடுத்துத் தாயிடம் அதைச் சொல்ல வேண்டும். அவனால் முடியவில்லை. குளிரைப் பற்றிக் கதைக்கிறான், சப்பாத்தைப் பற்றிக் கதைக்கிறான். தாய் தம்பியைக் கேட்கிறாள். "தம்பி படுத்திட்டான்" என்று சொல்கிறான். அந்த வரிகளைத் தாரகனுக்கு அவனுடைய தாய்தான் டெலிபோனில் சொல்லிச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

மத்தியானம் கறுத்த பாணும் மீனும் வைத்த தட்டோடு ஒருவன் வந்து அவனுக்கு எதிரே அமர்ந்தான். தாரகனுடைய வயதுதான் இருக்கும். பெயர் ஜெனோஷன். ஹேர்னிங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்பவன்; லீவு எடுத்துக்கொண்டு நடிக்க வந்திருந்தான். சுவரோரம் நின்றவர்களில் அவனும் ஒருவன்.

"குறை நினைக்காதேங்கோ," என்றான். "கடைசியில தாய்க்கு என்ன சொன்னனீங்கள்?"

தாரகன் சொன்னான்.

"தம்பி படுத்திட்டான் எண்டோ? எங்களுக்கு 'டம்பி படிச்சிட்டான்' எண்டு கேட்டது." அவன் சிரிக்கவில்லை. "கிர்ஸ்டனுக்கு ஆராவது சொல்லத்தான் போயினம். நீங்களே முந்திச் சொல்லுங்கோவன்."

"சொன்னால் என்னை அனுப்பிவிடுவார்கள்," என்று தாரகன் ஆங்கிலத்தில் சொன்னான். அவனோடு எல்லோரும் தமிழில் கதைக்க, அவன் எல்லோருக்கும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அதுவும் சரிதான்," என்ற ஜெனோஷன் பாணைக் கடித்தான்.

தாரகன் சொல்லவில்லை. மிச்சப் படப்பிடிப்பு முழுவதும், காற்று பனியை ஜன்னலில் வாரி அடித்துக்கொண்டிருந்த அந்தக் கட்டடத்துக்குள், யார் எப்போது கிர்ஸ்டனின் காதில் போடுவார்கள் என்று பார்த்துக்கொண்டே நடித்தான். ஒருவரும் போடவில்லை. தமிழர்கள் அவனைக் காட்டிக்கொடுக்க விரும்பவில்லை. அந்த மரியாதையே அவனுடைய கழுத்தைப் பிடித்தது.

விஷயம் வெளிப்பட்டது படத்தைத் தொகுக்கும்போதுதான். திரையின் அடியில் ஓடும் உபதலைப்புகளைச் சரிபார்க்க அழைத்த மொழிபெயர்ப்பாளர், நாயகன் பேசுவது விளங்கவில்லை என்று கையை விரித்துவிட்டார். படத்தின் தயாரிப்பாளர் ஹென்ரிக், தாரகனை ஓல்போர்க்கில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வரவழைத்தான். கோபப்படவில்லை. டேனிஷ்காரர்கள் கோபப்படாமல் இருக்கும்போதுதான் பயப்பட வேண்டும் என்பதைத் தாரகன் அதற்குள் அறிந்திருந்தான்.

மைக்குக்கு முன்னால் நின்று தன் வரிகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். ழகரமும் ளகரமும் லகரமாகவே வந்தன. 'அம்மா' என்ற சொல்கூட ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் சொல்வதுபோல இருந்தது. இரண்டாம் நாள் ஹென்ரிக் கதவைத் தட்டி, "போதும், வேறு ஒருவரை வரச் சொல்லியிருக்கிறேன்" என்றான்.

வந்தது ஜெனோஷன்.

அவன் தாரகனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றி வைத்து, கண்ணாடி அறைக்குள் போனான். திரையில் தாரகனின் முகம் வந்தது. டெலிபோனைக் காதில் வைத்திருந்தது. வாய் திறந்தது. "அம்மா," என்றது.

கண்ணாடிக்கு இப்பால் நின்ற தாரகனுக்குக் கைமயிர் சிலிர்த்துவிட்டது. தன் வாயிலிருந்து இப்படி ஒரு குரல் வர வேண்டும் என்றுதான் வாழ்நாள் முழுவதும் அவன் ஆசைப்பட்டிருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு, யாரோ தன்னைத் தன் உடம்பிலிருந்து மெதுவாக இறக்கிவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்ததுபோல இருந்தது.

வெளியே வந்த ஜெனோஷன் தண்ணீர் குடித்தான். "உன்ர வாய் கொஞ்சமாத்தான் திறக்குது, மச்சான். எங்கட அப்பாவெண்டால் கத்தியிருப்பார். அந்தக் காலத்து லைனில கத்தாட்டி ஒண்டும் கேக்காதாம்."

ஹென்ரிக் இருவருக்கும் ஒரு ஒப்பந்தம் நீட்டினான். படத்தில் யாருடைய குரல் என்பதைப் பற்றி இருவரும் எங்கும், எவரிடமும், வாய் திறக்கக் கூடாது. பெயர் வரிசையிலும் ஜெனோஷன் 'முகாம்வாசி' மட்டும்தான். ஜெனோஷன் தோளைக் குலுக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டான். தாரகனும் போட்டான்.

படம் விழாக்களுக்குப் போனது. லண்டன் பத்திரிகைகள் தாரகனைக் கண்டுபிடித்தன. அவனுடைய கண்களைப் பற்றி ஒரு வரி எழுதியவர்கள், குரலைப் பற்றி ஒரு பந்தி எழுதினார்கள். பிலிப்பாவின் டெலிபோன் ஓயவில்லை. ஒரு பெரிய தொலைக்காட்சித் தொடரில், தமிழ் வழக்கறிஞராக, முக்கியமான வேடம் வந்தது. நீண்ட நீண்ட தமிழ் வசனங்கள். "அந்தக் குரல்தான் அவர்களுக்கு வேண்டுமாம்," என்று பிலிப்பா பாடாத குறையாகச் சொன்னாள். அவனுக்கு மறுக்கக் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. இருந்த ஒரே காரணத்தைச் சொல்லக் கூடாது. கையெழுத்துப் போட்டான்.

பேட்டிகளில் "தமிழில் ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்கத் தொடங்கினார்கள். தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லி டாக்டர் சொன்னதாகச் சொன்னான். தமிழ் மாணவர் மன்றம் ஒன்று கவிதை வாசிக்க அழைத்தபோது படப்பிடிப்பு என்றான்.

எல்லாவற்றிலும் மோசமானது வீடு. லண்டன் காட்சிக்கு அவனுடைய தாய் நீலப் பட்டுச்சேலை உடுத்தி வந்து அவனுக்குப் பக்கத்தில் இருந்தாள். டெலிபோன் காட்சியில் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். வெளியே வந்ததும் முதல் வேலையாக ஏசினாள்.

"இவ்வளவு வடிவாக் கதைக்கத் தெரிஞ்சுகொண்டு, வீட்டில ஏனடா எனக்கு இங்கிலீசில மறுமொழி சொல்லுறாய்?"

சொந்தக்காரருக்கெல்லாம் தானே சொல்லிக்கொடுத்ததாகப் பெருமையடித்தாள். அவன் வந்தால் இனித் தமிழில்தான் கதைக்க வேண்டும் என்று கட்டளை போட்டாள். தாரகன் வீட்டுக்குப் போவதைக் குறைத்தான். பிறகு டெலிபோன் எடுப்பதையும் குறைத்தான். தாய் குறுஞ்செய்தி அனுப்பினால் சிரிக்கும் முகப் படம் போட்டுப் பதில் அனுப்பினான். தனக்குப் பெயர் வாங்கித் தந்த மொழியில் அவனால் ஊமையாக இருக்க மட்டும்தான் முடிந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஹேர்னிங்கில் தமிழர்களுக்காக ஒரு சிறப்புக் காட்சி ஒழுங்கு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஊர்த் தியேட்டரில். கிர்ஸ்டனும் ஹென்ரிக்கும் வருகிறார்கள்; நாயகனும் வந்தாக வேண்டும் என்பது ஒப்பந்தம். ஹேர்னிங்கில் இருந்த தன் ஒன்றுவிட்ட தங்கை கஜந்தியின் வீட்டில் தங்கலாம் என்று தாயும் கூடவே புறப்பட்டுவிட்டாள்.

முதல்நாள் ஜெனோஷன் டெலிபோன் எடுத்தான். "அம்மா படம் பாக்க வாறா," என்றான். "நான் ஒண்டும் சொல்லேல்லை. சொல்லவும் ஏலாதுதானே."

"வராமல் மறிக்க முடியாதா?"

"என்னெண்டு மறிக்கிறது? நான் முகாமில நிக்கிறதைப் பாக்கவெண்டு எங்கட ஜெபச் சபை முழுக்கக் கூட்டிக்கொண்டு வாறா."

தியேட்டர் நிறைந்திருந்தது. கார்களில் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். டேனிஷில் கத்திக்கொண்டு ஓடிய பிள்ளைகளைத் தாய்மார் தமிழில் அதட்டி இருத்தினார்கள். தாரகன் முன்வரிசையில் தாய்க்கும் கிர்ஸ்டனுக்கும் நடுவில் இருந்தான். ஜெனோஷனின் குடும்பம் எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

டெலிபோன் காட்சி வந்தது. திரையில் அவனுடைய முகம். காசு விழுந்த சத்தம். ஊரில் மணி அடிக்கும் சத்தம்.

"அம்மா," என்றது திரை.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் இருட்டுக்குள் கேட்டது.

"ஜெனோ?"

வீட்டில் அடுத்த அறையிலிருந்து பிள்ளை கூப்பிட்டால் தாய் எப்படி என்னவென்று கேட்பாளோ, அப்படிக் கேட்டது அது. ஓரிருவர் சிரித்தார்கள். யாரோ "உஷ்" என்றார்கள். திரையில் தாரகனின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. பின்வரிசைகளில் குசுகுசுப்பு எழுந்து, ஒவ்வொரு வரிசையாக முன்னால் வந்து, நின்றது.

தாரகன் தன் தாயைப் பார்த்தான். அவள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறையாகவும் அவனுடைய கையைப் பிடித்திருந்தாள். எங்கேயோ ஒரு தாய் ஒரு சொல்லில் தன் பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டாள். இந்தத் தாய் பக்கத்தில் இருந்துகொண்டு, வேறொருவனின் குரலைத் தன் பிள்ளை என்று நம்பி அழுகிறாள். பெருவாழ்வு வந்துவிட்டதென்று எல்லோரும் சொன்ன அந்த வருடத்தில் அவனுக்கு ஏற்பட்ட தனிமைகளில் அதைப்போல ஒன்று இருக்கவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை. அப்படியே இருந்தான்.

விளக்குகள் போட்டதும் அவர்களை மேடைக்கு அழைத்தார்கள். கேள்வி நேரம். கிர்ஸ்டன் டேனிஷில் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். பிறகு நடுவரிசையில் ஒரு பெண் எழுந்தாள். சின்ன உருவம், குட்டையாக வெட்டிய நரைத்த தலைமயிர். பக்கத்தில் இருந்த ஜெனோஷன் அவளுடைய சட்டைக்கையைப் பிடித்து இழுத்தான், அவள் உதறினாள். அவன் தாய் இன்பமலர்.

"தம்பி," என்றாள். ஒலிவாங்கி தேவைப்படவில்லை. "நீர் ஒருக்காக் கதையும் பாப்பம். தமிழில. எதெண்டாலும் பரவாயில்லை."

கிர்ஸ்டனுக்கு அவள் கேட்டது விளங்கவில்லை. கதவோரம் நின்ற ஹென்ரிக்குக்கும் விளங்கவில்லை. ஆனால் கூட்டத்தின் முகங்களைப் பார்த்த அவன் தாரகனுக்கு மட்டும் தெரியும்படி தலையை மெல்ல ஆட்டினான். வேண்டாம்.

தொண்டை சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லிச் சொல்லிப் பழகிய பொய்தான். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தில் கோபம் இருக்கவில்லை. உண்மையிலேயே அறிய விரும்பினாள். தாரகன் ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனான். குரலைப் பற்றிச் சொல்லக் கூடாது என்றுதான் ஒப்பந்தம். தமிழ் பேசக் கூடாது என்று இல்லை.

"வனக்கம்," என்றான். "எண்ட பேர் டாரகன். நான் லண்டன்ல பிறந்தது. நான்... டமில் கதைக்கிறது நல்லா இல்லை. விலங்கும். கதைக்க வராது. நீங்கல் எல்லாரும் வந்தது... நான் சந்தோசம்."

அவ்வளவுதான் அவனிடம் இருந்த தமிழ். ஒரு பிள்ளை மட்டும் வாய்விட்டுச் சிரித்து, அடி வாங்கியது.

"காணும் ராசா, போதும்," என்றாள் இன்பமலர். "இரும்." அவளும் இருந்துவிட்டாள்.

கிர்ஸ்டன் கைதட்டத் தொடங்கினாள். மரியாதைக்காக மற்றவர்களும் தட்டினார்கள்.

வெளி மண்டபத்தில் தேநீர் கொடுத்தார்கள். ஒருவரும் அவனுக்குக் கிட்ட வந்து கதைக்கவில்லை. வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு சடாரென்று விலகினார்கள். கடைசியில் இன்பமலர் வந்தாள். பின்னால், வேலையில் பிழைவிட்டவனைப்போல ஜெனோஷன்.

"இவன் எனக்குச் சொல்லேல்லை," என்றாள். "கையெழுத்து வச்சிட்டானாம். அது அவன்ர பிழை. உம்மட்ட ஒண்டு கேக்கிறன். உம்மட குரல் காணாதெண்டு உமக்கு ஆர் சொன்னது?"

தாரகன் தேநீர்க் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தான்.

அந்த நேரம் பார்த்துப் பரமேஸ்வரி பட்டுச்சேலை சரசரக்க வந்து சேர்ந்தாள். "நான் இவன்ர அம்மா," என்று தானாகவே சொன்னாள். "சனத்தைக் கண்டு பயந்திட்டான். இல்லாட்டி நல்லாக் கதைப்பான். படத்தில கேட்டனீங்கள்தானே?"

இன்பமலர் அவளைப் பார்த்தாள். அவளுடைய வாயில் எதுவோ வந்து நின்றது தாரகனுக்குத் தெரிந்தது. மகனைப் பார்த்தாள். மறுபடியும் பரமேஸ்வரியைப் பார்த்தாள்.

"ஓம்," என்றாள். "கேட்டனாங்கள். உங்கட பிள்ளை நல்லா நடிச்சிருக்கிறார்."

பிறகு ஜெனோஷனின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

தாரகன் வெளியே கார் நிறுத்துமிடத்துக்கு வந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. பிலிப்பா அழைத்தாள். அவன் மேடையில் தமிழ் பேசியதை யாரோ இணையத்தில் போட்டிருக்கிறார்களாம். தொடரின் ஆட்கள் பார்த்துவிட்டு மகிழ்ந்துபோனார்களாம். "எவ்வளவு இயல்பாகப் பேசியிருக்கிறாய்!"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். ஒப்பந்தத்தை மீறி, ஆங்கிலத்தில், ஒரே மூச்சில். படத்தில் இருப்பது தன் குரல் இல்லை. மேடையில் பேசியதுதான் தன்னுடையது.

பிலிப்பா குரலைத் தாழ்த்தினாள்.

"இது யாருக்குத் தெரியும்?"

"இங்கே எல்லோருக்கும். ஹேர்னிங்கில்."

"அது எங்கே இருக்கிறது?"

"டென்மார்க்கில்."

"அப்படியென்றால் ஒருவருக்கும் தெரியாது," என்றாள் பிலிப்பா. குரல் பழையபடி இனிமையாகிவிட்டது. "புதன்கிழமை வசன வாசிப்பு. நேரத்துக்கு வந்துவிடு. குரலை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள்."

கஜந்தியின் காருக்குள் தாய் ஏற்கெனவே ஏறி இருந்தாள். கஜந்தி யாருடனோ வாசலில் கதைத்துக்கொண்டு நின்றாள். தாரகன் பின்சீட்டில் தாய்க்குப் பக்கத்தில் இருந்து கதவைச் சாத்தினான்.

"அம்மா. படத்தில... அது எண்ட குரல் இல்லை."

"ஏனடா இப்பவும் அப்பிடிக் கதைக்கிறாய்?" தாய் சிரித்தாள். "என்னட்டயுமோ? நடிக்காதை."

அவன் திரும்பவும் சொன்னான். ஆங்கிலத்தில் சொன்னான், பிறகு அதையே தன் முறிந்த தமிழில் சொன்னான். இரண்டாவது முறை சொல்லும்போது அவளுடைய சிரிப்பு மெல்ல மெல்லக் கழன்றது. பட்டுச்சேலைத் தலைப்பை எடுத்து மடியில் வைத்து மடித்தாள். மழைத்துளி ஓடும் கண்ணாடியைப் பார்த்தாள்.

"அப்ப அது ஆர்?"

"ஜெனோஷன். இப்ப கதைச்ச அம்மா... அவவிண்ட மகன்."

"அந்த மனிசிக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"எப்பிடித் தெரியும்?"

"கேட்ட உடன."

கஜந்தி வந்து காரை எடுத்து, வீடு வரைக்கும் படத்தைப் புகழ்ந்துகொண்டே ஓட்டினாள்.

செவ்வாய்க்கிழமை தாரகன் லண்டனுக்குத் திரும்பினான். தாய் வரவில்லை, இன்னும் கொஞ்ச நாள் தங்கிவிட்டு வருவதாகக் கஜந்திக்குச் சொல்லியிருந்தாள். அவனோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். அதையும் ஆங்கிலத்தில் கதைத்தாள்.

தொடர் தொடங்கியது. முதல் நாளே அவன் இயக்குநரிடம் போய்த் தனக்குத் தமிழ் வராது என்று சொன்னான். தெரியும் என்றார் அவர். வாயை மட்டும் அசைத்தால் போதும். மூன்று வருட ஒப்பந்தம். இடையில் கழன்றால் நஷ்டஈடு. யாருடைய குரலைப் போடப் போகிறீர்கள் என்று கேட்டான். அதைச் சொல்ல முடியாதாம். அவன் ஹென்ரிக்குக்கும் எழுதினான். ஜெனோஷனின் பெயரைப் போட வேண்டும் என்று கேட்டான். பதில் ஒரு வக்கீலிடமிருந்து வந்தது.

அதற்கடுத்த ஞாயிறு, ஒப்பனை நாற்காலியில் கழுத்துக்குத் துணி கட்டி இருக்கும்போது ஜெனோஷன் டெலிபோன் எடுத்தான்.

"மச்சான், உன்ர அம்மா இண்டைக்கு எங்கட சபைக்கு வந்தவா."

"அம்மாவா? அவள் சைவக் கோயிலுக்குப் போகிறவள்."

"அதுதான் நானும் யோசிச்சனான். பாஸ்டர் டேனிஷில பிரசங்கிக்கிறவர். நான் பக்கத்தில நிண்டு தமிழில சொல்லுறனான். அவா வந்து கடைசிக் கதிரையில இருந்தவா. பைபிளும் இல்லை, ஒண்டும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டவா."

"ஏதாவது சொன்னாளா?"

"இல்லை. முடிய எழும்பிப் போயிட்டா. எங்கட அம்மா பின்னால ஓடிப்போய்க் கூப்பிட்டவா. ரெண்டு பேரும் வெளியில நிண்டு கனநேரம் கதைச்சவை. என்ன கதைச்சவையெண்டு எனக்குத் தெரியாது."

தாரகன் ஏதோ கேட்க வாயெடுத்தான். ஒப்பனைக்காரி அவனுடைய தாடையை இரண்டு விரலால் பிடித்து, அசைய வேண்டாம் என்று சொல்லி, உதட்டுக்குச் சாயம் பூசினாள். டெலிபோனில் ஜெனோஷன், "ஹலோ? கேக்குதோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். கதவைத் தட்டி, வெளிச்சம் தயார் என்றார்கள். அவன் எழுந்து போனான்.